ஓடைக்கரைச் சேம்பு

அந்த வருஷம் பேராக் ஆறு கரையேறி வந்து வடிந்த பிறகு, சப்ரியின் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரை முழுக்கச் சேம்பு மண்டியது. டுரியான் மரங்கள் கிளையோடு கிளை கோர்த்து நிற்கிற இடம். உச்சிவெயிலிலும் தரை காயாது. நடந்தால் செருப்பு சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். முன்பெல்லாம் கரையோரமாக நல்ல சேம்பு மட்டும் ஒரு வரிசை இருந்தது. சப்ரியின் மனைவி கல்சோம் நட்டு வைத்தது. வெள்ளம் மேலே காட்டிலிருந்து காட்டுச்சேம்புக் கிழங்குகளை உருட்டிக்கொண்டு வந்து அந்த வரிசைக்குள்ளேயே செருகிவிட்டுப் போயிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்ததால் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகாமலிருந்தால் முழங்காலுக்கு இருந்தது இடுப்புக்கு வந்துவிடும்.

நான் அந்தக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், ஒட்டுப்பால் என்கிற உறைந்த ரப்பர் பாலை எடைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு பழைய வேன். பின்னால் வீடு. என் பெயர் சிங்காரம். அவர்களுக்கு நான் சிங்கா. மலாயில் சிங்கம் என்று பொருள் வரும் என்பதால் என் உடம்பைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். எனக்கு அது பழகிப்போயிற்று.

சப்ரி ஹாஜி லாசிமின் ரப்பர் மரங்களைப் பாதிப் பங்குக்குச் சீவிக்கொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். பேச்செல்லாம் கல்சோமுக்கு. கம்பத்தில் கல்யாண விருந்துக்குப் பெரிய அண்டா ஏற்றுகிறவள் அவள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நாள் தோதுப்பட்டால் மட்டும் போதாது, கல்சோமுக்கும் தோதுப்பட வேண்டும். அவளுடைய சேம்புத்தண்டுக் குழம்பைப் பற்றி ஆற்றுக்கு அக்கரையிலும் பேசுவார்கள். கருவாடு, தேங்காய்ப்பால், ஊசிமிளகாய், காயவைத்த புளித்துண்டு. குழம்பு கொதித்து அடங்குகிறவரை அகப்பையை யாரும் தொடக்கூடாது. தண்டு நறுக்கும்போது அரிப்பு என்ற சொல்லை எவரும் வாயில் எடுக்கக்கூடாது, எடுத்தால் குழம்பு காறும் என்பாள். கூட நறுக்குகிற பெண்கள் அடக்கிய சிரிப்போடு வேலை செய்வார்கள். தண்டை மட்டும் எப்போதும் அவளே கரைக்குப் போய் அறுத்து வருவாள்.

நல்ல சேம்புக்கும் காட்டுச்சேம்புக்கும் அண்ணன் தம்பி ஜாடை. நல்லதில் தண்டு இலையின் விளிம்பை விட்டு உள்ளே தள்ளி, வயிற்றில் பிடித்திருக்கும். இலை கீழே பார்த்துத் தொங்கும். காட்டுச்சேம்பில் தண்டு இலையின் பிளவு முடிகிற இடத்திலேயே ஒட்டியிருக்கும். இலை பளபளவென்று நிமிர்ந்து நிற்கும். அங்கே வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இலையை வெட்டிப் போட்டுவிட்டு வெறும் தண்டைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தால் கல்சோமே ஒரு நிமிஷம் யோசிப்பாள்.

உடா ஜமில் வீட்டுக் கல்யாணத்தன்று அதுதான் நடந்தது. விடிந்ததிலிருந்து மழை. மாட்டிறைச்சி அண்டாவை விட்டு நகர முடியாமல் கல்சோம் நின்றுகொண்டிருந்தாள். தண்டை அறுத்து வரும்படி புருஷனை அனுப்பினாள். சப்ரி கோணிப்பை நிறையக் கொண்டுவந்து கொட்டினான். சுமை குறையட்டும் என்று இலைகளைக் கரையிலேயே கழித்துப் போட்டிருந்தான். உரித்த பெண்களுக்குக் கை முழங்கை வரை எரிந்தது. மழைத்தண்ணீர் பட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணெய் தடவிக்கொண்டார்கள். கல்சோம் கூடுதலாகப் புளித்துண்டு போட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் கொதிக்க விட்டாள். ருசி பார்த்தபோது நாக்கு நுனியில் சுருக்கென்றது. இறைச்சிக்கு அரைத்த மிளகாய் விரலில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் பந்தியில் ஆட்கள் இருமினார்கள், தண்ணீர் கேட்டார்கள். கல்சோமின் கைக்கு வயதாகிவிட்டது என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பிலால் மஹாட் தட்டை விட்டுவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர் அவர். ஆற்றின் அக்கரையில் மீன் பிடிக்கிறவன்கூட அவர் குரலைக் கேட்டு வலையை வைப்பான். குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருந்தார். உதடு தடித்து வெளியே பிதுங்கியிருந்தது. ஏதோ சொல்ல வந்தார், சத்தம் வரவில்லை.

என் வேனில்தான் கோலகங்சார் டவுனுக்குக் கொண்டுபோனோம். விருந்து கொடுத்த உடா ஜமில் கல்யாணச் சட்டையோடு பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தார். வழி முழுக்கப் பிலாலின் மூச்சு மெல்லிய விசில் போலக் கேட்டது. அந்த விசில் நிற்கக்கூடாது என்று எனக்கு. நின்றால் அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். வெளியே பெஞ்சில் உடா ஜமில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"நல்ல நாள்ல ஒரு மனுசனைச் சாகடிச்சிட்டோமா, சிங்கா?"

சாகவில்லை. ஆனால் அவர் ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று டாக்டர் சொல்வதற்குள் கம்பம் கல்சோமுக்குத் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. அவள் திமிரில் கவனம் தப்பிவிட்டாள் என்றார்கள். நறுக்கும்போது சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னது யார் என்று ஒரு விசாரணை நடந்தது. கல்சோமோடு அண்டா கிளறுகிற ஹலிஜா, அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை, தன் கையில் வந்த கொப்புளங்களை வீடு வீடாகக் காட்டினாள். பேசி வைத்திருந்த விருந்துகள் ஒவ்வொன்றாக ஹலிஜா பக்கம் போயின. யாரும் கல்சோமிடம் நேரில் வந்து வேண்டாமென்று சொல்லவில்லை. வராமலே இருந்துவிட்டார்கள்.

இனி வருவதில் நான் நேரில் பார்க்காததெல்லாம் கல்சோம் பின்னாளில் என் மனைவியிடம் சொன்னது. என் மனைவியிடம் மட்டும்தான் அவள் சொன்னாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் அவள் ஓடைக்கரைக்குப் போனாள். அவளுக்கு அவள் மேலேயே சந்தேகம். தன் நாக்கு சொன்னதைத் தான் கேட்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கரையில் சப்ரி கழித்துப் போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. பாதிக்கு மேல் பளபளப்பான இலைகள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் இதை எப்படி அறுத்தான்? மழை, அவசரம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். நல்ல சேம்பும் காட்டுச்சேம்பும் ஒரே வீச்சில் அறுபட்டிருந்தன. அறுத்தவன் பார்த்து அறுக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவள் புருஷனைக் கவனிக்க ஆரம்பித்தாள். தேநீர் ஊற்றும்போது ஒரு விரலைக் கோப்பை விளிம்பில் வைத்துக்கொள்கிறான். படி இறங்கும்போது முதல் படியைக் காலால் தேடுகிறான். பக்கத்தில் வந்து நின்றவர்களை, அவர்கள் பேசிய பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். மோட்டார் சைக்கிளை ரிப்பேர் என்று சொல்லி வீட்டுக்கு அடியில் நிறுத்தி எவ்வளவு காலமாகிறது என்று யோசித்தாள்.

ஒரு சாயங்காலம் சமையலறைத் தரையில் இரண்டு இலைகளைத் தண்டோடு வைத்தாள். வெளியே மூட்டம். விளக்கு போடவில்லை.

"இதுல நல்லது எது, அபாங்?" அண்ணனையும் புருஷனையும் மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல. சொல்லுங்க."

சப்ரி குனிந்தான். கை தரையைத் தடவிக்கொண்டு போய் ஓர் இலையைத் தொட்டது. விரல் இலை நரம்பைப் பிடித்துக்கொண்டு தண்டு சேர்கிற இடத்துக்குப் போயிற்று.

"இது."

"கையால வேணாம். கண்ணால பாத்துச் சொல்லுங்க."

அவன் கையை எடுத்துவிட்டான். பிறகு சொன்னான்.

"சுத்தி இருட்டாயிடுச்சு, சோம். நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியும், மூங்கில் குழாய்க்குள்ள பாக்கற மாதிரி. வெயில் அடிச்சா சமாளிச்சுடுவேன். மரத்தடிக்குப் போனா எல்லாம் ஒரே பச்சை."

"எப்பலேர்ந்து?"

"வெள்ளத்துக்கு முன்னாடியே."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ அழுவ. அப்புறம் ஹாஜிக்குத் தெரியும். மரத்தை வாங்கிக்குவாரு. குருட்டுப்பய மரம் சீவறானாம்னு அந்தச் சிங்காகூட கொட்டாயில உக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

நான் சிரித்திருக்கமாட்டேன். ஆனால் அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. அவன் கொண்டுவருகிற ஒட்டுப்பாலில் மரச்சீவல் கலந்து வருவதைப் பல மாதமாகப் பார்த்தவன் நான். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

கல்சோம் அழவில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று தலையாட்டினாள். அவன் அதைப் பார்த்திருக்க முடியாது என்று அப்புறம்தான் உறைத்தது, வாயாலும் சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்து விடியலில் அவளும் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு அவனோடு ரப்பர் தோட்டத்துக்குப் போனாள். பகலில் முகம் காட்ட வெட்கப்பட்டுத்தான் இருட்டோடு கிளம்புகிறாள் என்று பேச்சு வந்தது. தோட்டத்தில் அவள் மரங்களைத் தடவிப் பார்த்தாள். பட்டையோடு நிற்கவேண்டிய வெட்டு உள்ளே மரம் வரை இறங்கியிருந்தது. காயம் ஆறி முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. ஒரு மரமல்ல, வரிசை வரிசையாக. ஹாஜி லாசிம் இடுப்புவலிக்காரர், தோட்டத்துக்கு வருவதில்லை. வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அவளுக்கு நாள் முழுக்க யோசனை. வீட்டு வாசலில் யார் இருமினாலும் ஹாஜிதான் என்று எழுந்துவிடுவாள்.

பிலால் வீடு திரும்பினார். குரல் திரும்பவில்லை. பேசினால் கிழிந்த துணியை இழுப்பது போலிருந்தது. பள்ளிவாசலில் வேறொருவர் பாங்கு சொன்னார். அவருக்கு நீட்டிச் சொல்லத் தெரியாது, சட்டென்று முடித்துவிடுவார். ஒவ்வொரு வேளையும் அந்தப் புதுக்குரல் ஒலிபெருக்கியில் ஆரம்பிக்கும்போது கல்சோமின் கை செய்கிற வேலையை விட்டுவிடும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் தண்ணீர் பாட்டுக்கு ஓடும். பிலாலைப் பார்க்க வாழைப்பழம் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தாள்.

கம்பத்துத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டுவேலைக்கு ஆள் கூப்பிட்டார். ஓடைக்கரையில் காட்டுச்சேம்பைச் சுத்தமாக எடுத்துவிடுவது என்று ஏற்பாடு. வெட்டினால் போதாது. கிழங்கோடு தோண்ட வேண்டும். விரல்நுனி அளவு துண்டு மண்ணில் தங்கினாலும் அது மறுபடி கிளம்பும். தோண்டியதை ஓடையில் எறியவும் கூடாது, கீழ்க்கம்பத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கோணியில் கட்டி, தார்ச்சாலை ஓரமாகப் போட்டு வெயிலில் சுருங்கவிட்டு எரிப்பதென்று முடிவாயிற்று. எல்லாரும் முழுக்கைச் சட்டை போட்டு, கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வந்தார்கள். கோணிகளை ஏற்றிப்போக என் வேனும் நின்றது.

சொந்த வீட்டுக் கொல்லையில் வேலை நடக்கும்போது சப்ரி வராமலிருக்க முடியாது. மண்வெட்டியோடு வந்தான். கல்சோம் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், இடது பக்கம், இன்னும் கொஞ்சம், இது வேண்டாம், இதை விடுங்கள் என்று. தூரத்திலிருந்து பார்த்தால் புருஷனை அதட்டி வேலை வாங்குகிறவள் மாதிரிதான் இருந்தது. சிலர் அதற்கும் சிரித்தார்கள். கொசு முகத்தை மொய்த்தது. டுரியான் நிழலில் காலை நேரமே சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தது.

தலைவர் கல்சோமைக் கூப்பிட்டு, அவள் நட்ட பழைய வரிசை எதுவரை என்று காட்டச் சொன்னார். அவள் போகத் தயங்கினாள். போனாள். அந்தச் சின்ன நேரத்தில் ஹலிஜா கோணியை இழுத்துக்கொண்டு சப்ரியின் வலப்பக்கம் வந்து குனிந்தாள். சப்ரி மண்வெட்டியை ஓங்கி இறக்கினான். அது அவள் கால் விரலுக்கு ஓரமாகச் சேற்றில் இறங்கி, செருப்பின் விளிம்பைச் சீவிக்கொண்டு நின்றது.

ஹலிஜா பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் கோபம் வந்தது.

"கண்ணை எங்க வச்சிட்டு வந்த, அபாங்? பொண்டாட்டி தொண்டையை அறுத்தா, நீ காலை அறுக்கிறியா?"

எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். கல்சோம் சேற்றில் ஓடி வந்தாள். என் புத்தியே இன்று சரியில்லை, நான்தான் அவரைப் பேச்சுக் கொடுத்துக் குழப்பினேன் என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தாள். சப்ரி மண்வெட்டியை விட்டான். ஹலிஜா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கொஞ்சம் தப்பாகத் திருப்பினான். அவளுக்குப் பக்கத்திலிருந்த மரத்தைப் பார்த்துப் பேசினான்.

"கண்ணு தெரியல, ஜா. உன்னைப் பாக்கல. அன்னிக்கு அந்தத் தண்டை அறுத்ததும் நான்தான். சோம் கரைக்கே வரல. அவ மேல போட்டுட்டு நான் சும்மா இருந்துட்டேன்."

அவன் எந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறான் என்பதைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஹலிஜா தன் செருப்பைக் கழற்றி வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்சோம் சப்ரியின் சட்டை முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்தாள், பிறகு கூட்டத்தில் ஹாஜி லாசிமின் மகனைப் பார்த்தாள்.

பிலால் மஹாட் மேட்டில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். வேலை செய்யத் தெம்பில்லாவிட்டாலும் வந்திருந்தார். எழுந்து, வேரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி வந்தார். சப்ரிக்கு யார் வருவது என்று தெரியவில்லை. அவர் குரல் கேட்டதும் உடம்பு சுருங்கிற்று.

"ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினது நான். காறுதுன்னு தெரிஞ்சேதான் தின்னேன், ருசிக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனியா, கண்ணைக் காட்டினியா?"

"இல்ல, பிலால்."

"போ. இந்தச் சிங்கா வேன் சும்மாதானே நிக்குது."

அவர் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சப்ரி கேட்கவுமில்லை. கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. ஹலிஜா அன்று வீட்டுக்குப் போகும்போது கல்சோமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கையைக் காட்டவில்லை.

மறுவாரம் அவர்களை ஈப்போவுக்கு அழைத்துப்போனேன். போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, தினமும், ஒரு வேளைகூட விடாமல். எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் என்று கல்சோம் கேட்டாள். அதற்கு டாக்டர் சொட்டு விடுகிற முறையை மறுபடி சொல்லிக்காட்டினார். திரும்பி வரும்போது மருந்துக் குப்பி உடைந்துவிடும் என்று இரண்டு கைகளிலும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஹாஜி லாசிம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து பார்த்தார். ஒவ்வொரு மரத்துக் காயத்திலும் கை வைத்துப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று கல்சோம் சொன்னாள். தூரத்து மரங்களை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுப் பக்கம் இருக்கிற கொஞ்ச மரங்களைக் கல்சோமைச் சீவிக்கொள்ளச் சொன்னார். அவள் கை சீக்கிரமே பழகிற்று. சப்ரி வாளி தூக்கினான், பாலை ஊற்றினான். என் கொட்டகைக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை அவன் எப்படித் தெரிந்துகொள்வான் என்று எனக்குக் கவலை. அதனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே எடை போட்டேன்.

விருந்துச் சமையலுக்கு அவளை மறுபடி கூப்பிட்டார்கள். சேம்பு மட்டும் வேண்டாம் என்றார்கள். அவளும் சரி என்றாள். பிலாலுக்குப் பேச்சு ஓரளவு தெளிந்தது. பாங்கு சொல்கிற அளவுக்கு வரவில்லை. புதியவர் மெல்ல நீட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

காட்டுச்சேம்பு போகவில்லை. அவ்வளவு பேர் தோண்டியும், முதல் நல்ல மழைக்கு அங்கங்கே சுருட்டிய இலையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டது. சப்ரி தானே எடுப்பதாகச் சொன்னான். மண்வெட்டி வேண்டாமென்று கல்சோம் பிடித்த பிடியில், கையால் எடுத்தான். ஒருநாள் ஒட்டுப்பால் கோணி வாங்கப் போனவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேற்றில் முட்டி போட்டுக்கொண்டு, எண்ணெய் பூசிய கையால் இலையைத் தேடிப் பிடிப்பான். விரல் தண்டு சேர்கிற இடத்தில் கொஞ்சம் நிற்கும். காட்டுச்சேம்பு என்றால் தண்டோடு கையை இறக்கி, கிழங்கைச் சுற்றி மண்ணைத் தோண்டி, முழுசாக வெளியே எடுத்துப் பின்னால் நீட்டுவான். நல்லதென்றால் விட்டுவிட்டு நகர்வான்.

கல்சோம் பின்னால் கோணியோடு வந்தாள். அவன் நீட்டுகிற ஒவ்வொன்றையும் வாங்கி, சத்தமில்லாமல் இலையைத் திருப்பி, தண்டு சேர்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோணியில் போட்டாள். அவன் விட்டுவிட்டுப் போன செடியையும் குனிந்து பார்த்தாள். ஒன்றில்கூட அவன் கை தப்பவில்லை. அடுத்ததையும் பார்த்தாள். நான் பார்ப்பதைக் கண்டு, பேசாதே என்று என்னிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

சப்ரி ஓடைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டான்.

"பாத்துட்டியா, சரியா இருக்கா?"

"நான் எங்க பாத்தேன்?" என்றாள் கல்சோம். அவன் சேற்றுக் கையை அடுத்த இலைக்கு நீட்டினான். அவள் கையிலிருந்ததை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கோணியில் போட்டாள்.